மழையில் ஒழுகாத தையல்: நூல் தேர்விலிருந்து சீலண்ட் பூச்சு வரை

தண்ணீர் புகாத துணி என்று கேட்டு வாங்கி, பார்த்துப் பார்த்துத் தைத்த கூடாரமோ மழை உறையோ முதல் மழையிலேயே ஒழுகினால், பெரும்பாலும் துணி மீது தப்பு இருக்காது. ஒழுகுவது தையல். ஊசி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் துணியின் பூச்சில் ஓர் ஓட்டை விழுகிறது. 3 மீட்டர் நீளத்துக்கு 2 மி.மீ. தையலாக ஓட்டினால் ஒரு வரிசைக்கு 1,500 ஓட்டைகள். அதையே 3 மி.மீ. ஆக்கினால் 1,000.

"வாட்டர்ப்ரூஃப் நூல் இருக்கா?" என்று கடையில் கேட்பவர்கள் நிறைய. எந்த நூலும் அந்த ஓட்டையை முழுசாக அடைத்துவிடாது. நூலின் வேலை மூன்று: இறுக்கிப் பிடிப்பது, வெயிலிலும் ஈரத்திலும் மக்காமல் இருப்பது, தண்ணீரை உறிஞ்சி உள்ளே கடத்தாமல் இருப்பது. தண்ணீரை நிறுத்தும் வேலையில் பாதி துணியை எப்படி மடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. மீதிப் பாதி கடைசியில் பூசும் சீலண்டில், அதாவது ஓட்டையை அடைக்கும் பசையில். நூலுக்கு ஆயிரம் யோசித்துவிட்டு சீலண்டை கையில் கிடைத்ததாக வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: மலையேறப் போகும்போது இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி விரிக்கிற, 3 மீட்டருக்கு 3 மீட்டர் டார்ப், அதாவது மழை மறைப்பு விரிப்பு. இந்தத் துணிகள் பெரும்பாலும் 58 அல்லது 60 அங்குல அகலத்தில்தான் வரும். எனவே 3 மீட்டர் நீளத் துண்டுகள் இரண்டை நடுவில் இணைத்தாக வேண்டும். அந்த நடுத்தையல் சரியாக வந்துவிட்டால் பை உறை, மழைக்கோட்டு, கூடாரம் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான்.

முதலில் பூச்சு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் 'பாராசூட் துணி' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நமக்குத் தெரிய வேண்டியது அதன் மேல் இருக்கும் பூச்சு. பாலியூரிதேன், அதாவது பி.யூ. பூச்சு என்றால் ஒரு பக்கம் சாதாரணத் துணி போலவும், மறுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தடவியது போலவும் இருக்கும். சிலிக்கான் பூச்சு என்றால் இரண்டு பக்கமும் வழுவழுவென்று, மடித்து மேசையில் வைத்தால் தானே நழுவி விழுகிற அளவுக்கு வழுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டிப் பாருங்கள். பி.யூ.வில் ஒட்டும், சிலிக்கானில் நிற்காது. வெளிப்பக்கம் சிலிக்கான், உள்பக்கம் பி.யூ. என்று கலந்து வரும் கூடாரத் துணிகளும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் சோதியுங்கள்.

இதை முதலிலேயே தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம்: சிலிக்கான் மீது சிலிக்கான் மட்டும்தான் ஒட்டும். பி.யூ. சீலண்டை அதன் மேல் பூசினால் காய்ந்ததும் தோல் போல உரிந்து வந்துவிடும்.

நூல்

வீட்டுத் தையலுக்கும் திருப்பூர் பனியன் வேலைக்கும் ஓடுகிற நூலில் பெரும்பகுதி ஸ்பன் பாலியஸ்டர். சின்னச் சின்ன இழைகளைத் திரித்துச் செய்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நூலைச் சுற்றி மெல்லிய பிசிறு தெரியும். முறுக்கைப் பிரித்து இழுத்தால் பஞ்சு போலப் பிய்ந்து வரும். சட்டைக்கு நல்ல நூல்தான். ஆனால் அந்தப் பிசிறுகளின் இடைவெளி வழியாகவே தண்ணீர் ஊர்ந்து உள்ளே வரும்.

நமக்கு வேண்டியது ஃபிலமென்ட் பாலியஸ்டர். தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாத நீள இழைகளால் ஆனது. முறுக்கைப் பிரித்தால் பளபளப்பான இழைகள் தனித்தனியாக நிற்கும், பிய்ந்து வராது. அதே தடிமனில் ஸ்பன் நூலைவிட வலு அதிகம், தண்ணீர் பிடிப்பது குறைவு. 'பாண்டட்' என்று போட்டிருந்தால் இழைகளை ஒரு பிசின் பூச்சால் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெட்டினால் நுனி பிரியாது, தடித்த துணியில் உரசினாலும் தாங்கும். 'ஆன்டி விக்' என்ற பூச்சுடன் வரும் நூல் கிடைத்தால் இன்னும் நல்லது, அது நூல் வழியே நீர் ஊர்வதைத் தடுக்கிறது. இவை தெருமுனை லேஸ் கடையில் கிடைக்காது. பை, காலணி தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களில் தேடுவது சுலபம்.

நைலானா பாலியஸ்டரா என்ற கேள்வி எப்போதும் வரும். நைலான் இழுத்தால் நீண்டுகொடுக்கும், உரசலுக்கு அதிகம் தாங்கும். அதனால்தான் செருப்பு, பெல்ட், பை வேலைக்கு அது ஓடுகிறது. ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிட வேகமாக வலுவிழக்கும். காற்றிலுள்ள ஈரத்தை நைலான் தன் எடையில் 4 சதவீதம் அளவுக்குப் பிடித்துவைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. நாள் முழுக்க வெயிலில் கிடக்கப் போகிற டார்ப்புக்கு என் தேர்வு எப்போதும் பாலியஸ்டர்தான். துணி நைலானாக இருந்தாலும் நூல் பாலியஸ்டராக இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை.

பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் பூசணம் பிடித்து மக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு, கித்தான் பகுதியில் சொல்கிறேன். வெயிலுக்கு அசையாத நூல் என்றால் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) நூல் இருக்கிறது, கோர் நிறுவனத்தின் டெனாரா அந்த வகை. படகு உறை, நிரந்தரப் பந்தல் தைப்பவர்கள் போடுவார்கள். விலையைக் கேட்டால் டார்ப்பே வேண்டாம் என்று தோன்றிவிடும், நம் வேலைக்கு அவசியமும் இல்லை.

அடுத்து தடிமன். இங்கே இரண்டு எண்கள் குழப்பும். டெக்ஸ் என்பது 1,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் தடிமன் கூடும். டிக்கெட் எண் தலைகீழ், எண் கூடினால் நூல் மெலியும். 3,000-ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய டெக்ஸ் வந்துவிடும். சட்டைக்கு ஓடும் 120 டிக்கெட் என்றால் டெக்ஸ் 25 சுமார், 75 டிக்கெட் என்றால் டெக்ஸ் 40, 40 டிக்கெட் என்றால் டெக்ஸ் 75. துணி இழையின் தடிமனை டெனியர் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் இழை தடிக்கும். 70 டெனியர் மெல்லிய துணிக்கு டெக்ஸ் 25 முதல் 30 போதும். 210 டெனியர் டார்ப்புக்கு டெக்ஸ் 40. 600, 1,000 டெனியர் பைத்துணிக்கு டெக்ஸ் 70. வீட்டு மிஷின் சிரமமில்லாமல் தைப்பது இத்தோடு சரி. அதற்கு மேலே போனால் கனரக மிஷின் வேண்டும்.

தடித்த நூல் என்றால் உறுதி என்று நினைத்து மெல்லிய துணிக்கு டெக்ஸ் 70 போடாதீர்கள். தடித்த நூலுக்குப் பெரிய ஊசி, பெரிய ஊசிக்குப் பெரிய ஓட்டை. தவிர, பலத்த காற்றில் ஏதாவது ஒன்று போகத்தான் வேண்டும் என்றால் நூல் அறுவதுதான் மேல். நூலை மறுபடி தைத்துவிடலாம், கிழிந்த துணியை ஒன்றும் செய்ய முடியாது.

ஊசியும் மிஷினும்

டெக்ஸ் 25 முதல் 30 வரைக்கு 12-ஆம் நம்பர் ஊசி, டெக்ஸ் 40-க்கு 14, டெக்ஸ் 70-க்கு 16 அல்லது 18. சரியான ஜோடியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு முழம் நூலை ஊசியில் கோத்து, இரண்டு முனையையும் பிடித்துச் சாய்வாகத் தூக்குங்கள். ஊசி தன் எடையிலேயே நழுவி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் காது சிறிது, கடகடவென்று ஓடினால் ஊசி தேவைக்கு மேல் பெரிது.

முனை கூராக இருக்க வேண்டும். பனியன் துணிக்கான உருண்டை முனை பூச்சைக் குத்த முடியாமல் திணறும். தோல் தைக்கும் ஊசி துணியை வெட்டிவிடும், அந்த ஓட்டை எதனாலும் மூடாது. புது வேலைக்குப் புது ஊசி போடுங்கள். மழுங்கிய ஊசி இறங்கும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும், அதுவே அடையாளம்.

தையல் நீளம் 3 மி.மீ., தடித்த துணிக்கு 3.5 அல்லது 4. மேல் நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் கோக்கும் முடிச்சு துணிகளின் நடுவில் புதைந்திருக்க வேண்டும். ஃபிலமென்ட் நூல் வழுக்குவதால் பழைய டென்ஷனில் (நூல் இறுக்கத்தில்) கீழ்ப்பக்கம் வளையம் வளையமாக விழலாம். கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, வேலைக்கு எத்தனை மடிப்பு வருமோ அத்தனை மடிப்புள்ள வெட்டுத்துண்டில் தைத்துப் பாருங்கள். ஒற்றை மடிப்பில் சரிபார்த்த டென்ஷன் நாலு மடிப்பில் உதவாது.

பூச்சுப் பக்கம் மேலே வந்தால் மிஷின் பாதம் ஒட்டிக்கொண்டு துணி நகராது. டெஃப்லான் பாதம் கிடைத்தால் போடுங்கள். இல்லையென்றால் பட்டர் பேப்பரைத் துணி மேல் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுங்கள். சிலிக்கான் துணியில் பிரச்சினை வேறு: மேல் துணி முன்னால் நழுவும். இடது கையால் பின்பக்கமும் வலது கையால் முன்பக்கமும் லேசாக விறைப்பாகப் பிடித்து, மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி நூலும் பூச்சும் இளகும்.

நடுத்தையல்

ஜீன்ஸின் கால் ஓரத்தில் வருகிறதே, அந்த மடிப்புத் தையல்தான் இங்கேயும். டெய்லர்கள் ஃபெல் சீம் என்பார்கள். வெட்டிய ஓரங்கள் இரண்டும் மடிப்புக்குள் மறைந்துவிடும், இழுவையை நாலு அடுக்குத் துணி பகிர்ந்துகொள்ளும்.

தையல் வரிக்கு வெளியே குண்டூசி குத்தாதீர்கள், குத்தின இடமெல்லாம் ஓட்டை. 3 அல்லது 6 மி.மீ. அகல இரட்டைப் பக்க டேப்போ துணிக் கிளிப்போ போதும். சிலிக்கான் துணியில் டேப் நிற்காது, அங்கே கிளிப்தான். அயர்ன் பாக்ஸையும் ஒதுக்கிவையுங்கள். நகத்தாலோ ஸ்பூனின் முதுகாலோ தேய்த்தாலே மடிப்பு படியும்.

இனி வேலை. இரண்டு துண்டுகளையும், மழை படப்போகும் பக்கங்கள் ஒன்றையொன்று தொடாமல் வெளியே இருக்கும்படி, ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். ஓரங்கள் சமமாக வேண்டாம், கீழ்த்துணி 12 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேல்துணியின் ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே தள்ளி முதல் வரிசையை ஓட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை மேல்துணியின் ஓரத்தைப் போர்த்துகிறபடி மடியுங்கள். அதன் வெட்டுமுனை முதல் தையல் வரியைத் தொடும். இப்போது மேல்துணியைப் பிரித்து அந்த மடிப்பின் மேலேயே திருப்பிப் போடுங்கள். மடிப்பு முழுக்க அதற்கு அடியில் போய்விடும். துணியை நன்றாக இழுத்துத் தட்டையாக்கி, முதல் தையல் வரியிலிருந்து 9 அல்லது 10 மி.மீ. தள்ளி இரண்டாவது வரிசையை ஓட்டுங்கள். அடியில் இருக்கும் மடிப்பின் விளிம்பை அது பிடித்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இப்படித் தைத்தால் மடிப்பின் விளிம்பு டார்ப்பின் ஒரு பக்கமும், மேல்துணி படிந்த பகுதி மறுபக்கமும் வரும். பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள துணியில் எந்தப் பக்கம் வானம் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். அதனால் முதலில் எந்தத் துண்டை மேலே வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். டார்ப்பின் முகட்டுத் தையலில் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிவதால் கவலையில்லை. ஆனால் கூடாரத்தின் சரிவிலோ கோட்டின் தோள்பட்டையிலோ கூரைக்குக் கீற்று வேய்கிற முறைதான்: மேலிருந்து வரும் துணி கீழுள்ள துணியின் மேல் படிந்திருக்க வேண்டும், மடிப்பின் வாய் கீழ் நோக்கியே திறக்க வேண்டும்.

தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை ஓட்டிக் கெட்டிப்படுத்தும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மூன்று நாலு தையல் பின்னால் வந்தால் போதும். கயிறு கட்டும் நாடா வளையங்களை நடுவெளியில் தைக்காமல், ஓரமடிப்பின் மேலேயே, அடியில் ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தையுங்கள். காற்று அடிக்கும்போது முழு இழுவையும் அங்கேதான் இறங்கும்.

அடைப்பது

சிலிக்கான் துணிக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமில்லாத சிலிக்கான் சீலண்ட் டியூப் போதும். '100 சதவீதம் சிலிக்கான்' என்று எழுதியிருக்க வேண்டும், அக்ரிலிக் வேண்டாம். பெயின்ட் கடையில் மினரல் டர்பன்டைன் வாங்கி, ஒரு பழைய கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பிரஷில் எடுத்தால் மெதுவாக வழிய வேண்டும், அதுதான் பதம். முதலில் கட்டி கட்டியாகத்தான் நிற்கும், விடாமல் கிளறினால் கரையும். சன்னல்களைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

டார்ப்பை விறைப்பாகக் கட்டிவிட்டு, மழை படும் பக்கத்தில், தையல் வரிசைகள் இரண்டையும் மூடும்படி 2 செ.மீ. அகலத்துக்குப் பூசுங்கள். விறைப்பாகக் கட்டுவது முக்கியம். பயன்படுத்தும்போது ஓட்டைகள் எப்படி விரிந்திருக்குமோ அப்படி விரிந்த நிலையில்தான் சீலண்ட் உள்ளே இறங்கும். பிரஷை வரியோடு இழுப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு ஓட்டையிலும் குத்திக் குத்திப் பூசுங்கள். வழிந்த சொட்டுகளை உடனே துடைத்துவிடுங்கள். ஒரு முழு நாள் காய்ந்ததும் மேலே டால்கம் பவுடரைத் தூவித் துடைத்தால், மடித்து வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது.

பி.யூ. துணிக்கு வழி இரண்டு. பி.யூ. சீலண்டை, பூச்சு இருக்கும் உள்பக்கத்தில் இதே மாதிரி பூசுவது ஒன்று. சூட்டில் ஒட்டும் சீம் டேப் மற்றொன்று. கடையில் வாங்கும் மழைக்கோட்டின் உள்ளே தையல் மேல் ஓடும் 2 செ.மீ. பட்டை இதுதான். தொழிற்சாலையில் சுடுகாற்று மிஷினில் ஒட்டுகிறார்கள். வீட்டில் அயர்ன் பாக்ஸை ஆவியில்லாமல் குறைந்த சூட்டில் வைத்து, நடுவில் பட்டர் பேப்பர் கொடுத்து, இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். சூடு எவ்வளவு என்பது டேப்புக்கு டேப் மாறும், வெட்டுத்துண்டில் பார்க்காமல் டார்ப்பில் கை வைக்காதீர்கள். டேப் ஒட்டப் போகிறீர்கள் என்றால் நாலு அடுக்கு ஃபெல் சீம்கூட வேண்டாம். சாதாரணத் தையல் போட்டு, ஓரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து மேல்தையல் ஓட்டினால் டேப் தட்டையாகப் படியும்.

பழைய கூடாரத்தில் டேப் உரிந்து தொங்கினால், மேலே புதுசைப் பூசாதீர்கள். உரிவதையெல்லாம் உரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

கித்தானும் தார்ப்பாயும்

பருத்திக் கித்தானுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே நூலின் உள்ளே பாலியஸ்டர், வெளியே பருத்தி சுற்றிய கோர்ஸ்பன் நூல் நல்லது. நனைந்ததும் பருத்தி உப்பி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், உள்ளிருக்கும் பாலியஸ்டர் வலுவைத் தரும். புதுக் கித்தான் கூடாரத்தை ஓரிரு முறை நன்றாக நனைத்துக் காயவைத்த பிறகே வெளியே எடுத்துப் போக வேண்டும். முதல் நனைப்பில் தையலோரம் சொட்டினால் பயப்படாதீர்கள். கையால் தைப்பதானால் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்குப் போடும் பி.வி.சி. தார்ப்பாயைத் தைப்பதைவிட சுடுகாற்றில் ஒட்டுவதே சரி, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். நீல பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தைக்கவே வேண்டாம். அது ஓட்டை வரிசையிலேயே கிழியும்.

சோதனை

மழைக்குக் காத்திருக்காதீர்கள். தையல் அடியில் வருமாறு துணியைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே செய்தித்தாளை விரித்துவையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். சில மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஓட்டை விட்ட இடத்தில் நூல் நுனியில் முத்து மாதிரி நீர் கோத்து நிற்கும். பேனாவால் வட்டம் போட்டு, காய்ந்த பிறகு அங்கே மட்டும் மறுபடி பூசினால் போதும். காற்றோடு அடிக்கும் மழையின் அழுத்தம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆகவே இங்கேயே கசிகிற தையலை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தேறிவிட்டால், நன்றாகக் காயவைத்து, பைக்குள் திணிக்காமல் தளர்வாக வையுங்கள். பி.யூ. பூச்சுக்குப் பெரிய எதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்று. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பரணில் போட்டுவைத்த கூடாரம் சில வருடங்களில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, ஒரு கெட்ட வாடையும் அடித்தால், பூச்சே சிதைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குத் தையலில் என்ன பூசியும் பிரயோசனமில்லை, துணியைத்தான் மாற்ற வேண்டும்.